கேட்டுக்கு அந்தப் பக்கம்

2014 டிசம்பரில் ஒரு நாள் விடிகாலை. கேரளாவுக்கு முட்டை ஏற்றிப் போன லாரி காலி அட்டைகளோடு திரும்பி வந்து பண்ணைக்குள் நின்றது. பையன்கள் அட்டைகளை இறக்கி முட்டை அறைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலாக இருந்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் சும்மா கையில் எடுத்தேன். எங்கேயோ உடைந்த முட்டையின் மஞ்சள் கரு அதன் குழிகளில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பொருக்கில் ஓர் இறகு ஒட்டியிருந்தது. சாம்பல் நிறம், ஓரத்தில் லேசாகப் பழுப்பு. சின்ன வயதிலிருந்து வெள்ளைக் கோழிகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவன் நான். அது நம் வீட்டு இறகு இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. வாத்து இறகு.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், நவம்பர் கடைசியில், குட்டநாட்டு வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்திருந்தது. ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை பக்கம் ஆயிரக்கணக்கில் வாத்துகளைக் கொன்று எரித்துக்கொண்டிருந்தார்கள். நம் முட்டை இறங்குகிற மொத்தக் கடைகளில் வாத்து முட்டையும் விற்பார்கள். இரண்டுக்கும் ஒரே அட்டைதான். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்ல முடியாது. தெரியும். ஆனால் தெரிந்தது கண்ணுக்கு முன்னால் இறகாக ஒட்டிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஓர் அட்டையை மட்டும் குழாயடிக்கு எடுத்துப் போய் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். மற்ற அட்டைகள் அப்படியே கோழிச் செட்டுக்குள் போயின. பதினொரு மணிக்கு அடுத்த லாரி லோடு ஏற்ற வருகிறது. காலி அட்டை இல்லாமல் முட்டையை எதில் எடுப்பது?

கோழிப் பண்ணைக்காரன் நோய்த்தடுப்பை ஏன் செய்கிறான், ஏன் செய்யாமல் விடுகிறான் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வரும். எங்களுக்குப் பாடம் எடுக்க வருகிறவர்கள், இவர்களுக்கு விவரம் பற்றவில்லை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பறவைக்காய்ச்சல் எப்படிப் பரவும் என்று எங்கள் ஊரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். பதினொரு மணி லாரியை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

நாமக்கல்லில் காவிரிக்கரை ஊர்களை விட்டால் மற்றதெல்லாம் மேட்டுக்காடு. மழை பொய்த்தால் சோளத்தட்டு கூட மிஞ்சாது. அதனால்தான் எங்கள் ஆட்கள் லாரிக்குப் போனார்கள், போர்வெல் வண்டிக்குப் போனார்கள், கோழிக்கு வந்தார்கள். அப்பா லாரி ஓட்டியவர். 1983இல் வண்டியை விற்றுவிட்டு இரண்டாயிரம் கோழியோடு பண்ணையை ஆரம்பித்தார். அதற்கு முந்தின வருஷம்தான் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை, என்.இ.சி.சி.யை, தொடங்கியிருந்தார். முட்டைக்கு உற்பத்தி செய்கிறவன்தான் விலை சொல்ல வேண்டும் என்று அவர் பேசிய பேச்சு அப்பா மாதிரி ஆட்களை இழுத்துக்கொண்டு வந்தது. 1985இல் நாமக்கல்லுக்கே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. நான் பண்ணைக்குள் முழுசாக இறங்கியபோது எட்டாயிரம் கோழி இருந்தது. இப்போது முப்பதாயிரம். இங்கே இது பெரிய பண்ணை இல்லை. லட்சக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு.

தடுப்பூசி விஷயத்தில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஏழாம் நாள் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு, பிறகு தண்ணீரில், பிறகு ஊசி என்று வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் எத்தனை முறை கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டால் வெளியாள் அசந்துபோவார். அந்தச் செலவை எந்தப் பண்ணைக்காரனும் முணுமுணுக்காமல் செய்கிறான். ஏனென்றால் வெள்ளைக்கழிச்சலை நாங்கள் பார்த்திருக்கிறோம். எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு செட் நான்கே நாளில் காலியானது. கழுத்து திருகிக்கொண்டு, பச்சையாகக் கழிந்துகொண்டு, கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அப்பாவும் நானும் குழி வெட்டினோம். சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தடுப்பூசித் தேதி தவறினால் அம்மாவே கேட்பார்.

பறவைக்காய்ச்சலை நாங்கள் அப்படிப் பார்த்ததில்லை. என் பண்ணையில் வரவில்லை, எனக்கு வேண்டியவர்கள் பண்ணையிலும் வரவில்லை. அது டி.வி.யில் வருகிற நோய். வெள்ளை அங்கி போட்டவர்கள் சாக்கோடு போகிற படம். அதன் பெயர் முதல்முதலாக எங்களைத் தொட்டது 2006 பிப்ரவரியில். மகாராஷ்டிராவில் நந்துர்பார் மாவட்டம், நவாப்பூர். எங்கள் ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு கோழி கூட இங்கே தும்மவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் முட்டை வாங்க ஆள் இல்லை. வளைகுடா நாடுகள் நிறுத்திவிட்டன. அறையில் முட்டை கூரை வரைக்கும் ஏறியது. விலை தீவனச் செலவுக்கும் கீழே போனது. கோழிக்குத் தீவனத்தை நிறுத்த முடியுமா? முட்டை போடுகிறதோ இல்லையோ, ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து கிராம் போட்டே ஆக வேண்டும். பொது இடங்களில் கோழிக்கறியும் முட்டையும் சமைத்து இலவசமாகப் போட்டு ஜனங்களின் பயத்தைத் தெளிவிக்கப் பார்த்தார்கள். நான் வீட்டு நகையை அடகு வைத்தேன்.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு பாடம் படிந்தது. அது தப்பான பாடம் என்று இன்றைக்கு நினைக்கிறேன். நோயைவிட நோயின் பெயர் பொல்லாதது என்ற பாடம். பண்ணைக்காரர்கள் நாலு பேர் கூடினால் "அந்தக் காய்ச்சல்" என்று குரலைத் தாழ்த்திப் பேசுகிற பழக்கம் அப்போது வந்தது. எங்காவது கோழி சாகிறது என்று காதில் விழுந்தால் முதல் கேள்வி, "வெளிய தெரிஞ்சுதா?" கோழிக்கு என்ன ஆச்சு என்பது இரண்டாவது கேள்விதான்.

எங்கள் எல்லாக் கணக்கும் முட்டைக்கு இத்தனை பைசா என்றுதான் ஓடும். முப்பதாயிரம் கோழியில் தொண்ணூறு சதவீதம் இட்டால் ஒரு நாளைக்கு இருபத்தேழாயிரம் முட்டை. பேப்பரில் வருகிற என்.இ.சி.சி. விலையில் வியாபாரி ஐந்து பைசா மைனஸ் போட்டால் அன்றைக்கு ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் போனது. அதனால் ஒரு கால்நடை மருத்துவர் வந்து இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று நீளமாகச் சொன்னால் மனசு தானாகப் பைசாவுக்கு மாற்றிக்கொள்ளும். கேட்டில் வண்டிகளுக்கு மருந்தடிக்க ஓர் ஆள், மருந்து, தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அறுநூறு ரூபாய் என்றால் முட்டைக்கு இரண்டு பைசா சொச்சம். இரண்டு பைசாவை எந்தப் பண்ணைக்காரனும் தாங்குவான். தாங்க முடியாத செலவு பணத்தில் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பண்ணைக்காரன் எந்தத் தடுப்பை ஏற்றுக்கொள்கிறான் என்று பாருங்கள். மருந்தடிப்பான், சுண்ணாம்பு தூவுவான், பிளீச்சிங் பவுடர் போடுவான். வாங்கிப் போடுகிற எதையும் செய்துவிடுவான். மனிதர்களை நிறுத்தச் சொல்கிற இடத்தில்தான் கை வராது. எங்கள் பக்கம் மாமன், மச்சான், பங்காளி எல்லோருக்கும் பண்ணை இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்துவிட்டுப் பத்திரிகையோடு வருகிறவர் காலையில் தன் செட்டுக்குள் நடந்துவிட்டு அதே செருப்போடுதான் வருவார். அவரைக் கேட்டில் நிறுத்தி, "மாமா, இங்கயே இருங்க" என்று எந்த வாயால் சொல்வது? தாம்பூலத் தட்டை மருந்துத் தண்ணீரில் கழுவவா சொல்வது? உள்ளே கூட்டி வந்து காபி கொடுத்து, செட்டைச் சுற்றிக் காட்டி, "முட்டை எத்தனை சதம் வருதுங்க?" என்று பேசி அனுப்புவதுதான் மரியாதை. அந்த மரியாதையில்தான் நோய் உள்ளே வரும்.

இதற்கு வழி கண்டுபிடித்தது நான் இல்லை, என் மனைவி. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் திண்ணை கட்டி, தண்ணீர்க் குழாய் வைத்து, ஒரு விசிறி மாட்டச் சொன்னாள். "வெளிய நிறுத்தறோம்னு இருக்கக் கூடாது. இங்கதான் உக்காருவோம்னு இருக்கோணும்" என்றாள். அதற்குப் பிறகு நானே காலையில் பேப்பர் படிக்க அந்தத் திண்ணைக்குப் போக ஆரம்பித்தேன். வருகிறவர்கள் தானாக அங்கே உட்கார்ந்தார்கள். காபி அங்கேயே வந்தது. ஒருவரையும் நான் தடுக்கவில்லை. ஆனால் என் செட்டுக்குள் வெளிச் செருப்பு வருவது பாதிக்கும் மேல் குறைந்துபோனது. எந்தக் கையேட்டிலும் இப்படி ஒரு திண்ணையை நான் பார்த்ததில்லை.

வியாபாரிக்குத் திண்ணை போதாது. முட்டை ஓய்ந்த கோழியை எடுக்க வருகிறவர் ஒரே நாளில் நான்கு பண்ணைக்குப் போவார். அவருடைய கூண்டுகளில் நான்கு பண்ணை எருவும் காய்ந்திருக்கும். அவரை எதிர்பார்த்துத்தான் நாங்கள் இருக்கிறோம். எழுபத்தைந்து, எண்பது வாரம் ஆன கோழி ஒரு நாள் கூடுதலாக நின்றால் தீவனம் தண்டம். வளர்ப்புச் செட்டில் அடுத்த பேட்ச் தயாராகி நிற்கும். "கூண்டைக் கழுவிட்டு வாங்க" என்று ஒரு தடவை சொன்னேன். "கழுவறதுக்கு நேரமிருந்தா வேற ஒரு பண்ணைக்குப் போயிருவனுங்க. உங்களுக்குத் தோதுப்படலீன்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் நிலைமை அது. கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய்க்குத்தான் அவரும் ஓடுகிறார்.

அவரைத் தனி ஆளாக நான் மாற்ற முடியாது என்று தெரிந்த பிறகுதான் பக்கத்துத் தோட்டத்து மச்சானிடம் போனேன். அவருடைய செட்டுக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரு வேலி, அறுபது மீட்டர். வண்டிச் சக்கரங்கள் மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏற நான் கேட்டில் டயர்க் குழி கட்டியபோது, "காத்துக்கும் ஈக்கும் கேட்டு போட முடியுமுங்களா? நீங்க மட்டும் பூட்டி என்ன ஆகப் போவுது?" என்று கேட்டவர். அந்தக் கேள்வி நியாயமானது. வேலிக்கு அந்தப் பக்கம் திறந்து கிடந்தால் இந்தப் பக்கம் பூட்டு எதற்கு? இதே கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொருவனும் சும்மா இருக்கிறான். அவரும் நானும் இன்னொரு பண்ணைக்காரரும் ஒரே மாதத்தில் ஒரே பேச்சைப் பேசினோம். கூண்டு எங்களுடையது, பிடிக்கிற ஆள் எங்கள் ஆள், கோழி கேட்டு வரைக்கும் வரும், லாரி உள்ளே வராது. வியாபாரி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு வந்தார். பிடித்துக் கட்டி எடுத்து வைக்கிற வேலை அவருக்கு மிச்சமானது என்பதை அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

முட்டை அறையை ரோட்டோரமாக மாற்றியதும் அதே வழியில்தான் நடந்தது. லாரி உள்ளே வராமல் இருக்க வேண்டும் என்று மருத்துவர் பல வருஷமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டேன், கட்டவில்லை. மழைக்காலத்தில் ஒரு லாரி உள்பாதையில் சேற்றில் சிக்கி லோடு நான்கு மணி நேரம் தாமதமானது. அந்த வாரமே அறை கட்ட மேஸ்திரியைக் கூப்பிட்டேன். நோய்க்காகக் கட்டினேன் என்று பிறகு சொல்லிக்கொண்டேன். உண்மையில் சேற்றுக்காகக் கட்டினேன். நோய்க்கும் அதுவே உதவியது. தினசரி வேலையில் ஒரு சள்ளையைக் குறைக்கிற தடுப்பு மட்டும்தான் பண்ணையில் நிலைக்கிறது. வேலையைக் கூட்டுகிற தடுப்பு, செய்தி அடங்குகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போய்விடும்.

டயர்க் குழிக்கும் அந்தக் கதிதான். கட்டிய முதல் மாதம் தினம் மருந்து மாற்றினோம். பிறகு வாரம் ஒரு முறை. ஒரு நாள் வந்த மருத்துவர் குழிக்குள் கையை விட்டு அடியிலிருந்ததை அள்ளினார். மக்கிய வேப்பிலை, சேறு, எரு. முகர்ந்து பார்த்து, என்னிடமும் நீட்டினார். மருந்து வாசனையே இல்லை. "இதுல மருந்து இல்லீங்க. மண்ணும் எருவும் மருந்தைத் தின்னுருச்சு" என்றார். பிறகு அங்கேயே உட்கார்ந்து விளக்கினார். பறவைக்காய்ச்சல் கிருமிக்கு மேலே ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு பட்டால் அது கிழிந்துவிடும். அந்த வகையில் இது சாதுவான கிருமி. வெயில், சூடு தாங்காது. ஆனால் எருவுக்குள் ஒளிந்துகொண்டால், ஈரமும் குளிரும் இருந்தால், நாள் கணக்கில் கிடக்கும். அதனால் முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் மருந்து. அழுக்கின் மேல் மருந்தடிப்பது மருந்தை வீணாக்குவது. இத்தனை வருஷம் நாங்கள் செய்தது அதுதான். லாரிச் சக்கரத்தில் அப்பியிருந்த எருவின் மேல் மருந்தைத் தெளித்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். அந்த ஐந்து நிமிஷப் பேச்சுக்குப் பிறகு குழியை மூடிவிட்டேன். அந்த இடத்தில் சிமென்ட் தளமும், வேகமாகத் தண்ணீர் அடிக்கிற மோட்டாரும், நீளக் கைப்பிடிப் பிரஷ்ஷும் இருக்கின்றன. காலி அட்டைகளுக்குத் தனித் தொட்டி. இரண்டு செட் அட்டை வாங்கிவிட்டதால் ஒன்று ஊறிக் காய்கிறபோது மற்றது ஓடும். அந்தப் பதினொரு மணி லாரிக்கு விடை அவ்வளவுதான்: இன்னும் ஒரு செட் அட்டை. அதை வாங்க எனக்கு ஏன் அத்தனை காலம் ஆனது என்று இப்போதும் மனசு உறுத்துகிறது.

2021 ஜனவரியைப் பற்றி எழுத வேண்டும். இதை எழுதாமல் மற்றதை எழுதுவது சரியில்லை.

அந்த மாதம் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் மறுபடி வாத்துகளுக்கு நோய், இந்த முறை எச்5என்8. ராஜஸ்தானில் காக்கைகள் செத்து விழுந்தன. இமாச்சலத்தில் போங் அணைக்கட்டில் வலசை வந்த வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. சோதனைச் சாவடிகளில் கேரள வண்டிகளுக்கு மருந்தடித்தார்கள். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு சூப்பர்வைசர் வந்து, "மூணாம் செட்டுல அறுவத்திநாலுங்க" என்றார். வழக்கமாக அந்தச் செட்டில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு சாகும். முந்தின நாளே தீவனம் மிச்சமாகியிருந்தது. போய்ப் பார்த்தேன். சில கோழிகளின் கொண்டை கறுத்திருந்தது. ஓடில்லாத முட்டைகள் கூண்டுக்கு அடியில் விழுந்து கிடந்தன. ஒரு கோழி என்னைப் பார்த்துக்கொண்டே தலையை மெல்லக் கீழே வைத்தது.

யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நம்பர் முட்டை அறைச் சுவரிலேயே எழுதியிருந்தது. நான் போன் செய்தது மறுநாள் காலை எட்டு மணிக்கு. இருபத்தாறு மணி நேரம்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று பிறகு பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதலில் தெரிந்த ஒரு தீவன மருந்து விற்பனையாளரைக் கூப்பிட்டேன். "தீவனத்துல பூஞ்சை நஞ்சா இருக்குமுங்க" என்றார். நம்ப வேண்டும் போல இருந்தது, நம்பினேன். பிறகு சுற்றிலும் ஒரு கிலோமீட்டரைக் கணக்குப் போட்டேன். நோய் உறுதியானால் அந்த வட்டத்துக்குள் இருக்கிற எல்லாக் கோழியையும் அழிப்பார்கள். பத்து கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் என்னுடையதையும் சேர்த்து ஏழு பண்ணைகள். அதில் ஒன்று மச்சானுடையது. அழிக்கிற கோழிக்கு மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக இழப்பீடு கொடுக்கும். தானாகச் செத்த கோழிக்கு இல்லை. இதைக் கணக்காகப் பார்த்தால் முதல் நாளே சொல்கிறவனுக்குத்தான் லாபம். ஒவ்வொரு மணி நேரம் தள்ளும்போதும் இழப்பீடு இல்லாத கோழி கூடிக்கொண்டே போகும். பைசா பைசாவாகக் கணக்குப் போடுகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு என் மனசு பைசாவைத் தொடவே இல்லை. "இவனால்தான் வந்தது" என்று ஆறு குடும்பம் என் பெயரைச் சொல்லும், கோயில் நோம்பியில் முகம் திருப்பும் என்ற ஒரே நினைப்புதான் ஓடியது. சாயங்காலம் மற்ற செட் முட்டை லாரியில் ஏறியது. நிறுத்தச் சொல்லவில்லை. என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அது.

மறுநாள் நூற்று நாற்பது. மனைவி போனை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஒன்றும் பேசவில்லை.

கால்நடைத் துறை ஆட்கள் வந்தார்கள், மாதிரி எடுத்தார்கள், பண்ணையைப் பூட்டச் சொன்னார்கள். போபாலில் இருக்கிற ஆய்வகம்தான் இதை உறுதியாகச் சொல்ல வேண்டும். முடிவு வருகிற வரைக்கும் முட்டை அறை நிரம்பியது. வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முடிவு: பறவைக்காய்ச்சல் இல்லை, வெள்ளைக்கழிச்சல். அந்த பேட்சுக்குப் போட்ட தடுப்பூசி, கரண்ட் போய்க் குளிர்பெட்டி நின்றதில் கெட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சாவு. ஆய்வகம் இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னார். அதனால்தான் "இது அதுவாக இருக்காது" என்று நினைப்பது அவ்வளவு சுலபம்.

முடிவு வந்த அன்றைக்கு மச்சான் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், திண்ணையில் உட்காரவில்லை. நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். "எங்கிட்டயாவது மொத நாளே சொல்லியிருக்கலாமில்லீங்க மச்சா. என்ற செட்டுக்காவது ஆளு போறதை நிறுத்தியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் யாருக்குப் பயந்து மறைத்தேனோ அவருக்குத்தான் அந்த இருபத்தாறு மணி நேரம் தேவைப்பட்டிருக்கிறது.

அந்தத் தை மாதத்திலேயே ஏழு பண்ணைக்காரர்களும் திண்ணையில் உட்கார்ந்தோம். ஒரு செட்டில் சாவு வழக்கத்தைவிட மூன்று மடங்கானால், அல்லது தீவனம் திடீரென்று மிச்சமானால், அந்தக் காலையிலேயே மருத்துவருக்கும் மற்ற ஆறு பேருக்கும் சொல்ல வேண்டும். சொன்னவனைப் பற்றி யாரும் வெளியே பேசக் கூடாது. சொன்னவனின் முட்டை தேங்கினால் மற்றவர்கள் வியாபாரியிடம் அவனுக்காகப் பேச வேண்டும். இதுவரை நான்கு முறை போன் வந்திருக்கிறது. நான்கும் வேறு வேறு காரணம். ஒன்று வெயில், ஒன்று தண்ணீர்த் தொட்டியில் பல்லி. வீண் அலைச்சல் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஏழு பண்ணையிலும் இருக்கிற தடுப்பு முறைகளில் இதற்குத்தான் முட்டைக்கு ஒரு பைசா கூடச் செலவில்லை. நான் அதிகம் நம்புவதும் இதைத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தீவன மில்லுக்குப் பின்னால் எங்கள் டிரைவர் கட்டுச்சேவல் வளர்த்தார். பொங்கலுக்குப் பூலாம்வலசு சேவல்கட்டுக்குக் கொண்டு போவார். எங்கெங்கோ இருந்து வந்த சேவல்களோடு மோதிவிட்டு ரத்தத்தோடு திரும்பும். அதன் காயத்தைக் கழுவிய கையோடு அவர் தீவன மூட்டை தூக்குவார். நோய் வருகிற மாதமும் அதே மாதம்தான். வலசைப் பறவைகள் வருவதும், அறுப்பு முடிந்த காவிரிக்கரை வயல்களில் வாத்து மந்தை இறங்குவதும் அப்போதுதான். அவரிடம் சேவலைத் தாயார் ஊருக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். சித்திரையில் சேவல் திரும்பி வந்திருந்தது. இருபது வருஷமாக என்னோடு இருக்கிற மனிதர். அவருக்குச் சேவல் வேடிக்கைப் பொருள் இல்லை, அவருடைய அப்பா விட்டுப் போன வர்க்கம். கடைசியில் அவரை ரோட்டோர முட்டை அறை வேலைக்கு மாற்றினேன். செட்டுக்குள் வருவதில்லை. முழுத் தீர்வு இல்லை, தெரியும்.

வேலை செய்கிற வடக்கத்திக் குடும்பங்கள் பண்ணைக்குள்ளேயே குடியிருக்கின்றன. முட்டை எடுக்கிற பெண்கள் முகக்கவசத்தை ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் போட மாட்டார்கள். அவர்களைச் சத்தம் போட எனக்கு மனசு வராது. 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் ஒரு சிறுவன் எச்5என்1 தொற்றால் இறந்தான் என்று படித்த அன்றைக்கு, குடியிருப்புப் பிள்ளைகள் செத்த கோழி போடுகிற குழிப் பக்கம் விளையாடுவதைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே வேலி போட்டேன். கோழிக்காக நான் போட்ட வேலிகள் எல்லாவற்றையும்விட சீக்கிரம் போட்ட வேலி அது.

2025 பிப்ரவரியில் ஆந்திராவின் கோதாவரி மாவட்டங்களில் நோய் வந்தது. எங்களைப் போலவே கூண்டில் லேயர் வளர்க்கிற பண்ணைகள். வாத்து இல்லை, காக்கை இல்லை, நம் கோழி. அந்தச் செய்தியை மகன்தான் காட்டினான். அவன் இப்போது பாதிப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறான். "தடுப்பூசி ஏன் விட மாட்டேங்கறாங்க?" என்று கேட்டான். வீரியம் குறைந்த எச்9என்2 வகைக்கு நம் நாட்டிலேயே தடுப்பூசி வந்துவிட்டது. இந்த வீரியமான வகைக்கு அரசு அனுமதிக்கவில்லை. கண்டுபிடி, அழி என்பதுதான் கொள்கை. தடுப்பூசி போட்ட கோழி சாகாமல் கிருமியைப் பரப்பினால் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏற்றுமதியும் அடிபடும் என்கிறார்கள். பண்ணைக்காரர்களில் பலர் அனுமதிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஊசி வந்தால் அட்டையைத் தொட்டியில் ஊற வைப்போமா, மச்சானுக்கு போன் செய்வோமா என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. வாங்கிப் போடுகிற தடுப்பு கையில் கிடைத்துவிட்டால் மனிதர்களை நிறுத்துகிற தடுப்பை முதலில் கைவிடுவோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகன் அதற்குப் பதில் சொல்லவில்லை. மூணாம் செட்டின் மேற்கு மூலையில் வலை கிழிந்திருக்கிறது, காலையில் இரண்டு காக்கை உள்ளே தீவனத் தொட்டியில் உட்கார்ந்திருந்தன என்றான். ஏணி எங்கே என்று கேட்டேன். முட்டை அறையில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று செருப்பை மாற்றிக்கொண்டு போனான். நான் கம்பிக் கட்டும் குறடும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.